பிரைமரில் ஒரு செம்பு தண்ணீர்

எங்கள் பெயிண்ட் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் என்னை அதிலிருந்து யாரும் எடுக்கவில்லை. நானாக வெளியேறவும் எனக்கு வழி தெரியவில்லை. போன மாதம் அதில் எனக்கென்று ஒரு செய்தி வந்தது. "அண்ணாச்சி, எந்தச் சுவத்துக்கு எந்த பிரைமர், அதுக்கு மேல எந்த பெயிண்ட்னு ஒரு பத்து வரி எழுதிப் போடுங்க. கவுண்டர்ல ஒட்டி வைக்கணும். வாரவங்க எல்லாம் போன்ல வீடியோ பாத்துட்டு வந்து எங்களக் கொடையுதாங்க." இப்போது கவுண்டரில் நிற்பவர்கள் எழுதியது. கூடவே கும்பிடு போடுகிற பொம்மை மூன்று.

பத்து வரிதானே, ஒரு காப்பி குடிக்கிற நேரம் என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதல் நான்கு வரிகள் தானாக வந்தன. புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் ஒரு மாதமாவது காய விடு. அவசரப்பட்டு அடித்தால் சிமெண்டின் காரம் கலரைத் தின்றுவிடும். இரும்புக் கதவு என்றால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு ரெட் ஆக்சைடு, அதன் மேல் எனாமல். மரத்துக்கு மர பிரைமர். சிமெண்ட் பிரைமரை மரத்தில் அடிக்கிறவனுக்கு டப்பாவைக் கொடுக்காதே. பழைய எனாமல் பளபளப்பின் மேல் எமல்ஷன் அடிக்கக் கேட்டால் முதலில் உப்புத்தாளை விற்றுவிடு. பளபளப்பு போகத் தேய்க்காமல் அடித்தால் நகத்தாலேயே உரித்துவிடலாம்.

ஐந்தாவது வரிக்கு, 'பழைய சுண்ணாம்புச் சுவர்' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. மூன்று நாள் அந்த நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். என் மனைவி, "என்ன, பரிச்சைக்குப் படிக்கியளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த வேலை. அதில் ஒரே ஒரு சுவரை நினைத்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் ஒன்றும் புரியாது.

சங்கரன்கோவிலில் அந்தக் கடையில் குடோனில் டப்பா தூக்கத்தான் சேர்ந்தேன். பிறகு கவுண்டர், பிறகு கலர் கலக்குகிற மெஷின். அதன் பிறகுதான் மேனேஜர் கோமதிநாயகம் அண்ணாச்சி என்னைத் தன்னோடு வீடு பார்க்க அழைத்துப் போக ஆரம்பித்தார். எங்கள் கடையில் வாங்கிய பெயிண்ட் உரிந்தாலோ உப்பினாலோ நேரில் போய்ப் பார்த்து, காரணத்தைக் கம்ப்ளைண்ட் நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். தப்பு பெயிண்டிலா, சுவரிலா, பெயிண்டர் கையிலா என்பது அந்த ஒரு வரியில் முடிவாகிவிடும்.

அண்ணாச்சி சுவர் பார்க்கிற முறையே தனி. கட்டி முடியாத வீடாக இருந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். வீட்டுக்காரர் மூச்சு விடாமல் குறை சொல்லிக்கொண்டிருப்பார். இவர் காதிலேயே வாங்காதது மாதிரி சுவரை உள்ளங்கையால் ஒரு இழு இழுப்பார். கையில் மாவு ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஒரு ரூபாய்த் துட்டின் விளிம்பால் கீறுவார். ஒட்டுகிற டேப்பை விரல் நீளத்துக்குக் கிழித்து அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்து, டேப்பில் என்ன ஒட்டி வந்தது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் தெளித்து, குடிக்கிறதா வழிகிறதா என்று நிற்பார். வெள்ளையாகப் பூத்திருந்தால் நாக்கு நுனியை வைத்து உப்பா என்று பார்ப்பார். வீட்டுப் பெண்கள் ஐயோ என்பார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பார். "இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? இதுக்கு முன்ன என்ன அடிச்சீய?"

இத்தனையும் செய்துவிட்டுப் பல தடவை அவர் நோட்டில் எழுதுவது, 'காரணம் தெரியவில்லை'. எனக்கு மானம் போகும். இதை எழுதவா கிளம்பி வந்தோம் என்று இருக்கும். ஒரு தடவை கேட்டேவிட்டேன். "தெரியலேன்னா தெரியலேன்னுதானலே எழுதணும், சங்கரா" என்றார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. நான் மட்டும் தனியாகப் போனால் ஒரு நாளும் அப்படி எழுத மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தனியாகப் போகிற நாள், பதினைந்து வருடம் இருக்கும், அண்ணாச்சி கண் ஆபரேஷனுக்குப் போன வாரத்தில் வந்தது. தறிகள் ஓடுகிற தெருவில் ஒரு வீடு. வீட்டில் இருந்த விசைத்தறிகளை ஊருக்கு வெளியே ஷெட்டுக்கு மாற்றிவிட்டு, தறி ஓடிய அறையை ஹாலாக ஆக்கியிருந்தார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, தண்ணீரில் கரைக்கிற சிமெண்ட் பிரைமர் அடித்து, மேலே எமல்ஷன். வீட்டுக்கார அம்மா ஆவுடையம்மாள் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பாருங்க அண்ணாச்சி. இருவது நாள் ஆகல. தோச மாதிரி உரிஞ்சு வருது."

உண்மைதான். ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கையகலத்துக்கு வந்தது. பெயிண்ட் அடித்தவர் இசக்கிமுத்து. வாசுதேவநல்லூர்க்காரர். தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். நல்ல பெயிண்டர் யார் என்று கேட்டு வருகிறவர்களுக்காக எங்கள் கடையில் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருந்தோம். அதில் முதல் பெயர் அவருடையதுதான். அன்றைக்கு அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். உரிந்த துண்டு ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார்.

நான் செருப்பை வெளியே விட்டேன். உள்ளங்கையால் இழுத்தேன். துட்டால் கீறினேன். டேப் ஒட்டி இழுத்தேன். எமல்ஷன், பிரைமர், அதன் முதுகில் மெல்லிய வெள்ளைத் தூள் என்று எல்லாம் சேர்ந்து வந்தது. ஓதம் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் தெரு. அண்ணாச்சி மாதிரியே நாக்கையும் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. லேசாக ஒரு மாவு ருசி இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. பின்னால் நடந்தது தெரிந்ததால் வந்த நினைப்பாகவும் இருக்கலாம். அடுத்த அறையைப் போய்ப் பார்த்தேன். அதே சுண்ணாம்பு, அதே பிரைமர், அதே கை. அங்கே டேப் சுத்தமாக வந்தது. சுவர் கல் மாதிரி இருந்தது.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆவுடையம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வேறு வந்து நின்றார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று இசக்கியைக் கேட்டேன்.

"பிரைமர்ல தண்ணி எவ்வளவு சேத்த?"

"டப்பாவுல போட்ட அளவுதான் அண்ணாச்சி. மத்தியானம் வெயிலு ஏறுனப்ப பிரஷ் இழுக்கல. ஒரு செம்பு கூட ஊத்துனேன்."

அவர் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். பார்த்தவர் யாரும் இல்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார். நானோ கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பது மாதிரி அந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டேன். 'காரணம்: பிரைமரில் அளவுக்கு மேல் தண்ணீர். பெயிண்டர் தவறு' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இசக்கி எட்டிப் பார்த்து வாசித்தார்.

"ஒரு செம்புக்கா அண்ணாச்சி?"

"பின்ன என்னலே? சுவரு பொய் சொல்லுமா?" என்றேன். நாலு பேர் நிற்கிறார்கள் என்று குரலை வேறு உயர்த்தினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. முதலாளி அன்று சாயங்காலமே பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார். ஊர் சின்னது. இன்ன காரணத்துக்காகக் கடையில் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று பரவ ஒரு வாரம் போதும். கையில் இருந்த இரண்டு வீட்டு வேலையும் அவருக்குப் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த அறையை வேறொரு பெயிண்டரை வைத்துச் சுரண்டிப் புதிதாக அடித்தோம். நான் பக்கத்திலேயே நின்றேன். லிட்டர் மக்கில் தண்ணீரை நானே அளந்து ஊற்றினேன். ஒரு சொட்டு கூடுதலும் இல்லை, ஒரு சொட்டு குறைவும் இல்லை. ஆறாம் நாள் போய் டேப் ஒட்டி இழுத்தேன். முன்பை விட அகலமாக உரிந்து வந்தது. அப்போது எனக்கு முதலில் வந்தது இசக்கியின் நினைப்பு என்று சொல்ல ஆசைதான். வந்தது பயம். முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம்.

மறுபடியும் சுரண்டல். அன்றைக்குக் கோமதிநாயகம் அண்ணாச்சியும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சுரண்டிக்கொண்டிருந்த பெயிண்டரின் விரலைப் பட்டித் தகடு கிழித்துவிட்டது. ஆவுடையம்மாள் காயத்துக்குப் போடுகிற டிஞ்சர் அயோடின் பாட்டிலைக் கொண்டுவந்து ஊற்றினார். விரலிலிருந்து சொட்டிய டிஞ்சர் கீழே கிடந்த பெயிண்ட் துண்டின் முதுகில் விழுந்தது. பழுப்பாக இருந்த சொட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மை கொட்டினது மாதிரி கருநீலமாக ஆயிற்று.

அண்ணாச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் சொன்னேன். பாட்டிலை வாங்கி ஒவ்வொரு இடமாகச் சொட்டு விடச் சொன்னார். பிரைமரில் விட்டேன், நீலம் இல்லை. எமல்ஷனில் விட்டேன், இல்லை. சுரண்டிய சுவரில் விட்டேன், நீலம். எனக்குச் சுவரில் ஏதோ கெட்டுப்போய்விட்டதோ என்றுதான் ஓடியது. அண்ணாச்சி, "என்னன்னு தெரியலையேலே" என்று வழக்கம் போல நிதானமாகச் சொன்னார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு.

"இதுக்கா இம்புட்டு யோசிக்கீய? தறியில விரல் அடிபட்டா டிஞ்சர் போட்டுட்டு வேலையப் பாப்போம். அந்த விரல் பாவு நூல்ல பட்டா இப்படித்தான் நீலமாயிரும். கஞ்சி போட்ட நூலுல்லா."

"சுவத்துல எப்படிம்மா கஞ்சி வந்துச்சு?" என்றார் அண்ணாச்சி.

"பாவுக்குக் காச்சுன கஞ்சி மிஞ்சுனா, வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புல கலந்துருவோம். இல்லேன்னா சாஞ்சவன் முதுகுல எல்லாம் வெள்ளை ஒட்டிக்கிடுமே. இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் அப்படித்தான்." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "நீங்க கேக்கவே இல்லையே."

வருடா வருடம் சுண்ணாம்போடு ஏறிய கஞ்சி. அதன் மேல் தண்ணீர் பிரைமரை அடித்தால் கஞ்சி ஊறி இளகும், காயும்போது பிடி விட்டுவிடும். 'இதுக்கு முன்ன என்ன அடிச்சீய' என்பது அண்ணாச்சியின் கேள்வி. நாக்கு வரைக்கும் அவரைப் பார்த்துச் செய்த நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டிருந்தாலும் அந்த அம்மா 'சுண்ணாம்பு' என்றுதான் சொல்லியிருப்பார். அவர்களுக்கு அது சுண்ணாம்புதான்.

பிறகு வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தோம். தேய்த்துக் கழுவி, சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாக டிஞ்சர் சொட்டு விட்டுப் பார்த்தோம். நீலம் வந்தால் திரும்பத் தேய்ப்பு. மூன்று நாள் ஆயிற்று நீலம் வராமல் போக. நன்றாகக் காய விட்டு, இந்தத் தடவை டர்பெண்டைனில் கரைக்கிற எண்ணெய் பிரைமர். பெயிண்ட் உரியாமல் நின்றுவிட்டது. அண்ணாச்சி கிளம்பும்போது, "பக்கத்து ரூம்லயும் ஒரு சொட்டு விடு" என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் உப்புத்தாளால் சுவர் வரைக்கும் தேய்த்து, ஒரு சொட்டு விட்டேன். அங்கேயும் நீலம். அதே கஞ்சி. ஆனால் அந்தச் சுவர் ஒரு இம்மி கூட உரியவில்லை.

நோட்டில் என் வரியை அண்ணாச்சி அடிக்கவில்லை. அதற்குக் கீழே என்னையே எழுத வைத்தார். 'சுண்ணாம்பில் கஞ்சி. அடுத்த அறை ஏன் உரியவில்லை என்று தெரியவில்லை.' முதலாளியிடம் பேசி இசக்கியின் பெயரைத் திரும்பப் பட்டியலில் போட வைத்தார். அதற்குள் இசக்கி கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். மாதம் ஒரு தடவைதான் ஊருக்கு வருவார் என்றார்கள்.

"நேர்ல போய்ச் சொல்லிட்டு வா. நீதானலே எழுதுன" என்றார் அண்ணாச்சி.

"சொல்லுதேன் அண்ணாச்சி."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை திறந்து விளக்கேற்றியதும் கேட்பார், "சொல்லிட்டியா?" ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறிப் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மறுநாள் அவர் கேட்டபோது, "சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றேன். "என்ன சொன்னான்?" என்றார். "ஒண்ணும் சொல்லல" என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு கேட்கவில்லை. நம்பிவிட்டாரா, நம்பாமல்தான் விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஏழெட்டு வருடம் கழித்து அவர் இறந்தபோது மாலை போடப் போய் நின்றேன். அப்போதும் இதே குழப்பம்தான்.

இந்த ஐந்தாவது வரியால் எல்லாம் திரும்ப மேலே வந்துவிட்டது. போன வாரம் ஒரு நாள் காலையில் கிளம்பிவிட்டேன். வாசுதேவநல்லூரில் டீக்கடைப் பக்கமே திரும்பவில்லை. ஹார்டுவேர் கடையில் விசாரித்தேன். இசக்கிமுத்து கேரளாவிலிருந்து திரும்பிப் பல வருடம் ஆகிறதாம். மேற்கே புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் வேலை நடக்கிறது என்றார்கள். அங்கே போனேன். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"சங்கரலிங்கம் அண்ணாச்சியா? வாங்க, வாங்க. இங்கன உக்காருங்க, சுவத்துல சாஞ்சிராதீய, ஈரம்."

பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். உட்கார்ந்து, டிஞ்சர், கஞ்சி, ஆவுடையம்மாள், அண்ணாச்சியிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "உன் மேல தப்பு இல்லப்பா. நான்தான் தெரியாம எழுதிட்டேன்" என்று முடித்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட இருந்தது.

அவர் பிரைமர் வாளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதன் காதில் கோடு போட்ட லிட்டர் மக் ஒன்று தொங்கியது.

"அன்னைக்கு வீட்டுக்குப் போயி அந்தச் செம்பத் தூக்கிப் போட்டேன் அண்ணாச்சி. அதுக்கப்புறம் கேரளாவுலயும் சரி, இங்கயும் சரி, அளக்காம ஒரு சொட்டு ஊத்துனதில்ல. எங்கூட வேலைக்கு வாரவங்க எல்லாருக்கும் அந்தக் கதையச் சொல்லிருக்கேன். ஒரு செம்புத் தண்ணி என் பேரக் கெடுத்துச்சுன்னு." தொங்கிய மக்கைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப வந்து அது இல்லேங்கீய."

"இல்ல இசக்கி. ரெண்டாம் தடவை நானே அளந்து ஊத்தியும் உரிஞ்சுச்சே."

"அந்த அடுத்த ரூமு?"

"அது மட்டும் ஏன் நின்னுச்சுன்னு தெரியல. அதே கஞ்சி, அதே பிரைமர்."

"அதே பிரைமர் இல்ல அண்ணாச்சி" என்றார். "அந்த ரூம வெயிலுக்கு முன்னாடியே காலையிலயே அடிச்சு முடிச்சுட்டேன். அதுக்கு அந்தச் செம்புத் தண்ணி ஊத்தல. தறி ரூமுக்குத்தான் ஊத்துனேன்."

இதை அவர் அன்றைக்கே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. பேசவும் விடவில்லை.

"அப்ப அந்தச் செம்புதான் முதல்ல கஞ்சிய ஊற வச்சிருக்கும். அது ஒரு தடவ இளகிப்போனதால நீங்க அளந்து ஊத்தியும் நிக்கல. அப்படியும் இருக்கலாம்ல?" என்றார் இசக்கி.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றேன்.

குற்றம் அவருடையது இல்லை என்று சொல்லப் போனவன் நான். அவரோ அதை விட மாட்டேன் என்று கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தையை எங்கே செருகுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேனா என்று கூட இப்போது நிச்சயமாக நினைவில்லை. அவர் எழுந்து போய் மக்கில் தண்ணீர் பிடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"சரி, நீங்களே பாத்துச் சொல்லுங்க. கோட்டுக்குச் சரியா இருக்கா?"

சட்டைப்பையைத் தடவினேன். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மக், தண்ணீர், அவர் விரல் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. கோடு தெரியவில்லை. கூட வேலை செய்தவர்களும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"தெரியல இசக்கி" என்றேன்.

அவர் மக்கைத் தன் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பார்த்தார். இரண்டு சொட்டைக் கீழே சாய்த்துவிட்டு, மீதியை வாளியில் ஊற்றினார்.